எலும்புக்கும் வேலை வேணும்: சிமென்ட் இல்லாத இடுப்பு மூட்டு பற்றி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு சாஃப்ட்வேர் இல்லை, ஏஐ இல்லை. ஒரு சாண் நீளம்கூட வராத ஒரு டைட்டானியம் துண்டு பற்றிப் பேசப் போறேன். அது எங்க அப்பாவோட வலது தொடை எலும்புக்குள்ள இருக்கு.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. மெக்கானிக்கல் படிச்சுட்டு கோட் எழுதிட்டு இருக்கிற பெரிய கூட்டத்துல நானும் ஒருத்தன். இதைக் கேட்டுட்டு யாரும் வைத்திய முடிவு எடுக்காதீங்க. டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்க வேணும்னா இது உதவும்.

அப்பா கோயம்புத்தூரில் முப்பது வருஷத்துக்கு மேல் லேத் ஓட்டியவர். இடுப்புப் பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் நின்று, பந்து உள்ளேயே நொறுங்கிப் போச்சு. சிமென்ட் இல்லாத முறையில் மூட்டை மாற்றினார்கள். ஆறு மாதத்தில் மனுஷன் கைத்தடியைத் தூக்கிப் போட்டுட்டு காலையில் ரெண்டு கிலோமீட்டர் நடக்க ஆரம்பித்தார்.

ஒரு வருஷம் கழித்து செக்கப். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு, "நல்லா செட் ஆகியிருக்கு. மேல் பக்கம் மட்டும் எலும்பு கொஞ்சம் மெலிஞ்சிருக்கு, பார்த்துக்கலாம்" என்றார். அதுல முதல் வாக்கியம் அப்பா காதுல விழவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கைத்தடி திரும்ப வந்துடுச்சு. நடை நின்றது. மாடிப்படி ஏறுவது நின்றது.

நான் கேட்டதுக்கு, "ஏங்கண்ணு, ஒரு பேரிங் எத்தனை மணி நேரம் ஓடும்னு கணக்கு இருக்கல்ல? கம்மியா ஓட்டினா கூட நாள் வரும்" என்றார். மெஷினுக்கு அது சரியான கணக்குதான். அதனால எனக்கு உடனே பதில் சொல்ல வரலை. அதற்கப்புறம் தேடிப் படிச்சதுதான் இந்த எபிசோட்.

கதை 1962-ல் ஆரம்பிக்குது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகத் தண்டு, பாலிஎத்திலீன் கிண்ணம், ரெண்டையும் எலும்பில் பிடித்து நிறுத்த அக்ரிலிக் சிமென்ட் என்று ஒரு மூட்டை உருவாக்கினார். சிமென்ட் என்றதும் பசை மாதிரி ஒட்டும்னு நினைக்காதீங்க. டைல்ஸ் இடுக்கில் கலவை நிரப்புவது மாதிரி, தண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நிரப்பி, இறுகி நிற்கும்.

இது நல்லாவே வேலை செய்தது. ஆனால் சிலருக்கு, குறிப்பாக இளவயசுக்காரர்களுக்கு, வருஷங்கள் போகப் போக தண்டு தளர்ந்தது. எக்ஸ்ரேயில் சுற்றியுள்ள எலும்பில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. பழி சிமென்ட் மேல் விழுந்தது. 1987-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை இதுக்கு 'சிமென்ட் நோய்'னே பேர் வெச்சது. சிமென்ட்டே இல்லாம, எலும்பு நேரடியாக உலோகத்துக்குள் வளர்ந்து பிடிக்கிற தண்டுகள் பரவலாச்சு.

கோட் எழுதுறவங்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும்னு புரியும். சந்தேகப்பட்ட மாட்யூலைத் தூக்கியாச்சு, ஆனா பக் போகலை! சிமென்ட் இல்லாத மூட்டுகளிலும் அதே ஓட்டைகள். உண்மையான குற்றவாளி கிண்ணத்து பாலிஎத்திலீன் தேயும்போது உதிர்கிற நுண்துகள்கள். ஒரு மைக்ரானைவிடச் சின்னது. அவற்றை விழுங்கிச் செரிக்க முடியாத வெள்ளையணு வகை செல்கள் எழுப்புகிற அழற்சிதான் பக்கத்து எலும்பை அரித்தது. 1990களின் கடைசியில் குறுக்குப் பிணைப்பு கூட்டப்பட்ட பாலிஎத்திலீன் வந்த பிறகு தேய்மானம் வெகுவாகக் குறைந்தது.

இதை நான் சொல்றதுக்குக் காரணம், 'இம்ப்ளான்ட் பக்கத்துல எலும்பு குறையுது'ன்னு ஒரே வாக்கியத்தில் சொன்னாலும் உள்ளே ரெண்டு வேற வேற கதை இருக்கு. ஒண்ணு துகள் அரிப்பு. இன்னொண்ணு அப்பாவோடது. அதுக்கு முதல்ல பொருத்தம் பற்றிப் பேசணும்.

சிமென்ட் இல்லாத தண்டு எப்படி நிற்குது? எலும்பின் உட்குழியைத் தண்டைவிடக் கொஞ்சம் சின்னதாகச் செதுக்குவாங்க. அப்புறம் தண்டைச் சுத்தியலால் தட்டி இறக்குவாங்க. அப்பாகிட்ட இதைச் சொன்னதும், "ஷாஃப்ட்ல பேரிங் அடிச்சு ஏத்துற மாதிரியா?" என்றார். அதேதான். ஆனா இரும்பு ஷாஃப்ட் கடைசிவரை அப்படியே இருக்கும். எலும்பு உயிருள்ளது. முதல் சில வாரங்கள் இந்த இறுக்கம் தண்டை அசையாமல் வைத்திருந்தால், சொரசொரப்பான உலோகத்தின் துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு அசைவு தாங்கும்? சுமார் 150 மைக்ரானுக்கு மேல், அதாவது ரெண்டு தலைமுடி தடிமன் அளவுக்கு ஒவ்வொரு அடிக்கும் ஆடினால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளரும். அப்புறம் நடக்க ஆரம்பிக்கும்போது தொடையில் வலி வரும். அதுக்குப் பயந்து ரொம்பப் பெரிய தண்டை அடிச்சு ஏத்தினா எலும்பு விரிசல் விட்டுடும். வயசானவங்க எலும்பு உள்ளே குழாய் மாதிரி அகலமாகவும் சுவர் மெல்லிசாகவும் இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும். அதனாலதான் அப்படிப்பட்டவங்களுக்கு இன்னைக்கும் பல டாக்டர்கள் சிமென்ட்டையே தேர்ந்தெடுக்கறாங்க. அது பழைய முறைன்னு யாரும் வருத்தப்பட வேண்டாம்.

சரி, அப்பாவுக்குப் பொருத்தம் சரியாக அமைஞ்சது. அப்புறம் ஏன் எலும்பு மெலிஞ்சது?

1866-ல் சூரிக்கில் ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறியல் பேராசிரியர் தொடை எலும்பின் உள்ளமைப்புப் படங்களைக் காட்டுகிறார். பார்த்தவர்களில் ஒருவர் கார்ல் குல்மான், கட்டமைப்புப் பொறியாளர். எலும்புக்குள் ஓடுகிற மெல்லிய இழைகள், தான் ஒரு கிரேனுக்கு வரைகிற தகைவுக் கோடுகள் மாதிரியே இருப்பதை அவர் கவனித்தார். இந்த எண்ணத்தைத் தொடர்ந்து போன ஜூலியஸ் வோல்ஃப், 1892-ல் அதை ஒரு விதியாகவே எழுதினார். சுருக்கமா சொன்னா, பாரம் வருகிற இடத்தில் எலும்பு தடிக்கும், பாரம் இல்லாத இடத்தில் கரையும்.

இப்போ எண்களைப் பாருங்க. தொடை எலும்பின் கெட்டியான சுவரோட மீள்தன்மைக் குணகம் 15 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டானியம் கலவை சுமார் 110. கோபால்ட் குரோம் 200-க்கு மேல். இன்னொரு விஷயம், உருண்டைத் தண்டோட வளைவு விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு ஏறும். 12 மில்லிமீட்டர் தண்டு 15 ஆனால், விறைப்பு சுமார் 2.4 மடங்கு. விறைப்பானது எதுவோ அதுதான் பாரத்தைத் தூக்கும்.

இதுக்கு நம்ம ஊர் உதாரணம் பைபாஸ் ரோடுதான். முன்னே லாரி, பஸ் எல்லாம் கடைத்தெரு வழியா போச்சு. பைபாஸ் வந்ததும் எல்லா வண்டியும் ஊரைத் தொடாம மறுமுனையில் இறங்குது. கடைத்தெரு வெறிச்சோடுது. பைபாஸ் முடியற இடத்துல புதுசா டீக்கடை முளைக்குது. உடம்பிலும் அப்படித்தான். பாரம் தண்டு வழியா கீழே இறங்கிடுது. மேல் எலும்புக்கு வேலை இல்லை, மெலியுது. தண்டு முடியற இடத்துல எலும்பு தடிக்குது. இதுக்குப் பேர் ஸ்ட்ரெஸ் ஷீல்டிங்.

அப்போ விறைப்பு குறைஞ்ச தண்டு செய்யலாமேன்னு நானும் நினைச்சேன். 1970களிலேயே சுவிட்சர்லாந்தின் ராபர்ட் மாதிஸ் பிளாஸ்டிக் சேர்த்து, எலும்பு மாதிரி வளையற தண்டு செய்தார். அது பரவலாகத் தளர்ந்து போனது. காரணத்தை நெதர்லாந்தின் ரிக் ஹுய்ஸ்கஸ் 1992-ல் கணினி மாதிரிகளால் விளக்கினார். தண்டு வளைய வளைய எலும்புக்குப் பாரம் போகும், ஆனா தண்டும் எலும்பும் சந்திக்கிற பரப்பில் இழுவை ஏறும். அங்கே அசைவு வரும். எலும்பைக் காப்பாத்தினா பிடிப்பு போகுது, பிடிப்பைக் காப்பாத்தினா கொஞ்சம் எலும்பு போகுது. இலவசமா எதுவும் இல்லை.

இதையெல்லாம் படிச்ச பிறகு, அப்பாவோட நானும் டாக்டர்கிட்ட போனேன். கேள்விகளைத் தாளில் எழுதிட்டுப் போனேன். அவர் பொறுமையாக, ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு எடுத்த எக்ஸ்ரேயையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினார். தண்டு ஒரு மில்லிமீட்டர்கூடக் கீழே இறங்கலை. சுற்றிக் கறுப்புக் கோடு இல்லை. நடுப்பகுதியில் எலும்பு உலோகத்தைத் தொட்டுப் பிடித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. "தண்டு ஆடிட்டு இருந்தா பாரம் இப்படிச் சுத்தமா கீழே போகாது. மேலே மெலியுதுன்னா கீழே இறுக்கமா பிடிச்சிருக்குன்னு ஒரு அர்த்தம்" என்றார்.

அவர் பூசி மெழுகவும் இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியணும்னா ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு தாது குறைஞ்சிருக்கணுமாம். அதனால இது ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல முடியாது. இழப்பு பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துலதான், அப்புறம் வேகம் குறையும். ஆனா போன எலும்பு முழுசா திரும்பாது. கீழே விழுந்தா உடையற ஆபத்து உண்டு. இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டா பிடிக்க எலும்பு கம்மியா இருக்கும்.

அப்பா ஒரே கேள்வி கேட்டார். "அப்ப நான் நடக்காம இருந்தா?"

"இருக்கிற பாரத்தையும் எடுத்துடறீங்க. இன்னும் மெலியும்" என்றார் டாக்டர்.

அப்பா கொஞ்ச நேரம் எக்ஸ்ரேயையே பார்த்துட்டு இருந்தார். ஒரு நல்ல எண்ணத்துல, மூணு மாசமா, தனக்குத் தானே கெடுதல் செஞ்சிருக்கோம்னு அவருக்குப் புரிஞ்சது. எனக்கும்தான். அவர் சும்மா உட்கார்ந்திருந்தப்ப, 'ரெஸ்ட் எடுக்கட்டும்'னு நானும் விட்டுட்டேனே.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தா, நான் கத்துக்கிட்ட நாலு விஷயம். முதல் எக்ஸ்ரேயைத் தொலைக்காதீங்க. ஒரு படம் மட்டும் இருந்தா எதுவும் சொல்ல முடியாது, ரெண்டை ஒப்பிட்டாத்தான் தெரியும். ரெண்டாவது, இம்ப்ளான்ட் பெட்டியில் இருக்கிற ஸ்டிக்கர் நகலை வாங்கி வெச்சுக்கோங்க. பல வருஷம் கழிச்சு வேற டாக்டர் பார்க்கும்போது உள்ளே இருப்பது என்ன மாடல், என்ன சைஸ்னு அதுதான் சொல்லும். மூணாவது, வலி இல்லைன்னு செக்கப்பை விடாதீங்க. துகள் அரிப்பு ரொம்ப நாள் வலியே இல்லாம நடக்கும். நாலாவது, 'எலும்பு குறையுது'ன்னு சொன்னா, எந்த வகை, தண்டு இறங்கியிருக்கா, எவ்வளவு நடக்கலாம்னு அங்கேயே கேளுங்க.

அப்பா இப்போ மறுபடியும் காலையில நடக்கறார். குளியலறையில் கைப்பிடி வெச்சாச்சு, வழுக்குற மிதியடியை எடுத்தாச்சு. போன வாரம் லேத் பட்டறை நண்பர் ஒருத்தருக்கு மூட்டு ஆபரேஷன் பற்றி போன்ல விளக்கிட்டு இருந்தார். "பேரிங் மாதிரிதான்ப்பா. ஆனா இது ஓடாம இருந்தாத்தான் கெட்டுப் போகும்" என்றார். பட்டறைக்காரர் பாஷையில் வோல்ஃப் விதி அவ்வளவுதான்.

உங்க வீட்டு அனுபவம், சந்தேகம், திருத்தம் எதுவா இருந்தாலும் எழுதுங்க. எலும்பு மருத்துவர் யாராவது கேட்டுட்டு இருந்தா, நான் தப்பா சொன்ன இடத்தைக் கட்டாயம் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.