ரப்பர் போனது, அரிசி வந்தது

(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சென்ற கூட்டத்தில் ஓர் அம்மையார் எழுந்து என்னை ஒரு கேள்வி கேட்டார். "பெரிய நாட்டு மந்திரி வருகிறார், சின்ன நாட்டு மந்திரி போகிறார், கை குலுக்குகிறார்கள், பத்திரிகையில் படம் போடுகிறார்கள். அதனாலே என் வாளியில் ஒரு சொட்டுப் பால் கூடுமா, தம்பி?" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பதிலை வேறெங்கும் தேட வேண்டாம். நம்மைப் போலவே ரப்பரை நம்பி வாழ்ந்த ஒரு சின்ன நாடு, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ஒரு நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே அது இருக்கிறது. சின்ன நாடு இலங்கை. பெரிய நாடு சீனா. ஆண்டு 1952.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1950-இல் கொரியா யுத்தம் மூண்டது. ரப்பர் விலை கிடுகிடுவென்று ஏறியது. மலாயாவிலும் இலங்கையிலும் தோட்ட முதலாளிகள் முகத்தில் பௌர்ணமி. ஆனால் 1951-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சிக்குப் போன விலை, பிறகு சறுக்கு மரத்தில் வழுக்குவது போல இறங்கத் தொடங்கியது. அதே நேரத்தில் அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. விற்கும் பொருள் மலிவு, வாங்கும் பொருள் கிராக்கி. ஒரு குடும்பத்துக்கு இந்த நிலை வந்தால் அடுப்பில் பூனை தூங்கும். இலங்கை என்ற நாட்டுக்கே இந்த நிலை வந்தது.

இன்னொரு முடிச்சும் இருந்தது. 1951 மே மாதம் 18-ஆம் தேதி ஐக்கிய நாட்டு சபை, யுத்தத்துக்கு உதவக்கூடிய பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பக் கூடாது என்று தீர்மானம் செய்தது. ரப்பரும் அத்தகைய பொருளாகக் கருதப்பட்டது. நமது மலாயா அப்போது பிரிட்டிஷார் கையில். அவர்கள் தடை போட்டார்கள்; நம் தோட்டத்து ரப்பர் சீனாவுக்குப் போகவில்லை. நம்மை யாரும் கேட்கவும் இல்லை. இலங்கையோ 1948-இல் சுதந்திரம் பெற்ற நாடு. அதே சமயம் 1955 டிசம்பர் வரை ஐக்கிய நாட்டு சபையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சபையில் இடம் இல்லாததே அந்த நேரத்தில் ஒரு வசதியாகப் போயிற்று.

இலங்கை முதலில் யாரிடம் போனது தெரியுமா? அமெரிக்காவிடம்தான். "எங்கள் ரப்பருக்கு நல்ல விலை கொடுங்கள், எங்களுக்கு அரிசி கொடுங்கள்" என்று கேட்டுப் பார்த்தது. கட்டுப்படியான விலை கிடைக்கவில்லை. அப்போது பிரதம மந்திரியாக இருந்தவர் டட்லி சேனநாயக்கா. அவர் கம்யூனிஸ்டு அல்ல. கம்யூனிஸத்தை எதிர்த்த கட்சியின் தலைவர். ஆனாலும் வியாபார மந்திரி ஆர்.ஜி. சேனநாயக்கா பெய்ஜிங்குக்குக் கப்பலுக்கும் விமானத்துக்கும் வழி தேடினார். மந்திரி சபைக்குள்ளேயே எதிர்ப்பு. நிதி மந்திரி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுக்கு இது பிடிக்கவில்லை. கொள்கை ஒரு பக்கம், சோற்றுப்பானை மறு பக்கம். சோற்றுப்பானைதான் வென்றது.

1952 டிசம்பர் 18-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுக்கும், சீனா ஆண்டுக்கு 270,000 டன் அரிசி கொடுக்கும், 5 ஆண்டுகளுக்கு. பண்டமாற்று என்று வாய்க்கு வந்தபடி சொன்னாலும், கணக்கு பணக்கணக்குத்தான். ஒவ்வொரு ஆண்டும் விலை பேசினார்கள். பேனா பிடிக்கும் நண்பர்களே, நாம் கவனிக்க வேண்டிய இடம் இது: ரப்பருக்குச் சீனா கொடுத்த விலை சந்தை விலையைவிடக் கூடுதல்! பெரிய நாட்டுக்கு டயர் செய்ய ரப்பர் வேண்டும், விற்பார் இல்லை. சின்ன நாட்டுக்குச் சோறு வேண்டும், மலிவாய்க் கொடுப்பார் இல்லை. இருவருக்கும் தேவை இருந்தது. அதனால் இருவரும் நிமிர்ந்து நின்று பேரம் பேசினார்கள்.

இதற்கு இலங்கை விலையும் கொடுத்தது. அமெரிக்கா தன் சட்டத்தைக் காட்டி உதவித் தொகையை மறுத்தது. ரப்பர் மரத்தின் இலைநோய்க்குத் தூவுகிற கந்தகத்தைக்கூட விற்க மறுத்தது. கந்தகம் தூவாவிட்டால் துளிர் உதிரும், பால் குறையும் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒப்பந்தம் முறியவில்லை. ஒரு விந்தை பாருங்கள்: இந்த வியாபாரமெல்லாம் நடந்தபோது இரு நாடுகளுக்கும் இடையே தூதரகமே கிடையாது. 1950 ஜனவரியிலேயே சீனாவின் புதிய அரசாங்கத்தை இலங்கை அங்கீகரித்துவிட்டது என்றாலும், தூதர் உறவு ஏற்பட்டது 1957 பிப்ரவரியில்தான். அந்தச் சமயத்தில் சீனப் பிரதமர் சூ என்லாய் கொழும்புக்கே வந்தார். முதலில் மூட்டை போனது. தூதர் பின்னால் போனார்.

1957-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது ரப்பருக்குக் கூடுதல் விலை நின்றது. அதற்குப் பதிலாகக் கிழட்டு மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடுவதற்காக, 5 ஆண்டுகளுக்கு மொத்தம் 7 கோடியே 50 லட்சம் ரூபாய் உதவி தரச் சீனா இசைந்தது. கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் சிறு தோட்டக்காரன் என்ன தின்பான் என்பதை யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இப்படியே புதுப்பித்துப் புதுப்பித்து, இந்த ரப்பர்-அரிசி உடன்படிக்கை 1982 வரை 30 ஆண்டுகள் நடந்தது. கொழும்பில் ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, உடன்படிக்கை மாறவில்லை.

நம் நிலை என்ன? மலாயா ரப்பருக்குச் சீனா மீதிருந்த தடை 1956-இல்தான் தளர்ந்தது. தூதர் உறவு 1974 மே 31-ஆம் தேதி, துன் அப்துல் ரசாக் பெய்ஜிங் சென்றபோது ஏற்பட்டது. இலங்கை திறந்த கதவு வழியே நாமும் பின்னால் போனோம் என்று சொன்னால் அது தவறாகாது.

தோழர்களே, இவ்வளவு நேரம் நல்ல பக்கத்தைச் சொன்னேன். சங்கத்துக்காரன் மறு பக்கத்தையும் புரட்டிக் காட்ட வேண்டும்.

1953-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. கப்பல் கப்பலாக அரிசி வந்து இறங்கியது. அதே 1953-ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கை அரசாங்கம் என்ன செய்தது? செலவைக் குறைக்கிறோம் என்று மானியத்தை வெட்டி, பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது! துறைமுகத்தில் அரிசி குவிகிறது, ஏழை வீட்டுச் சட்டியில் குறைகிறது. மக்கள் பொறுக்கவில்லை. ஆகஸ்டு 12-ஆம் தேதி நாடெங்கும் ஹர்த்தால். ரயில் நின்றது, கடை அடைபட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவியை விட்டு விலகினார். ஒப்பந்தம் அரிசியைத் துறைமுகம் வரைக்கும் கொண்டுவரும். துறைமுகத்திலிருந்து தட்டு வரைக்கும் கொண்டுவருவது மக்களின் ஒற்றுமைதான். அம்மையார் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இது.

இரண்டாவது பதில் இன்னும் கசப்பானது. இலங்கையின் மலைத்தோட்டங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் உழைத்தவர்களில் நம் மக்கள் ஏராளம். எங்கள் குடும்பத்து மூத்தோரில் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார். தம்பி மண்டபம் வழியாக இலங்கைக்குப் போனார். ஒரே அடுப்பில் வளர்ந்த இருவர், இரண்டு நாட்டுப் பால்மரத்தடியில். உங்களில் பலர் குடும்பத்திலும் இந்தக் கதை இருக்கும். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-இலேயே குடியுரிமைச் சட்டம் வந்து, அங்கே இருந்த நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். சீனாவுக்குப் போன ரப்பரில் அவர்கள் வெட்டிய பாலும் இருந்தது. ஆனால் அந்த நாட்டில் ஓட்டுச் சீட்டு அவர்களுக்கு இல்லை.

பிறகு ஒரு பெரிய நாடும் ஒரு சின்ன நாடும் மறுபடி மேசையில் உட்கார்ந்தன. இம்முறை பெரிய நாடு இந்தியா. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். நாடற்ற 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று முடிவு. 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். 50,000 டன், 270,000 டன் என்று எழுதுவது போலவே மனிதர்களையும் எழுதினார்கள்! ரப்பருக்கு விலை பேச ஆள் இருந்தது. ரப்பர் வெட்டியவனுக்காகப் பேச அந்த மேசையில் ஒரு நாற்காலி இல்லை. எங்கள் உறவினர் குடும்பத்தில் அக்காள் இந்தியாவுக்குப் போனாள், தங்கை இலங்கையில் நின்றாள். எஞ்சியிருந்தவர்களுக்கு 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்களால்தான் குடியுரிமை கிடைத்தது. அரை நூற்றாண்டுக் காத்திருப்பு, தோழர்களே!

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2017-இல் இலங்கை தன் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை ஒரு சீனக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 2022-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கை விரித்தது. சீனக் கடன் ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமல்ல. உலகச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கிய கடன் அதைவிடப் பெரிது. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். 1952-இல் அதே இரு நாடுகள்தான். அன்று இலங்கை கையில் சரக்கை வைத்துக்கொண்டு பேசியது. பின்னாளில் கையில் கடன் சீட்டை வைத்துக்கொண்டு பேசியது. தோட்டத்துக் கடையில் ரொக்கம் கொடுப்பவனுக்கு ஒரு மரியாதை, பற்றுப் புத்தகத்தில் பெயர் ஏறியவனுக்கு ஒரு மரியாதை என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே, அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மந்திரிகள் கை குலுக்குவதால் வாளியில் பால் கூடாது. ஆனால் அந்தப் பாலுக்கு என்ன விலை, அந்த விலையில் அரிசி எத்தனை படி என்பது அந்தக் கை குலுக்கலில்தான் தீர்மானமாகிறது. நாடுகளின் நட்பு நல்லது. வேண்டாம் என்று சங்கத்துக்காரன் சொல்ல மாட்டான். ஆனால் அடுத்த முறை பத்திரிகையில் படம் வரும்போது படத்தோடு நிறுத்தாதீர்கள். என்ன கொடுத்தோம், என்ன பெற்றோம், விலையை யார் பேசினார்கள் என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவது ஆபீஸ் கிராணிமாராகிய எங்கள் கடமை. செக்ரோலில் உங்கள் பெயரை எழுதுகிற பேனாவுக்கு அந்த வேலையும் உண்டு. கூலிக் கணக்கில் அந்த விலையின் பங்கு வந்து சேர்ந்ததா என்று கேட்பது நம் எல்லோருடைய கடமை.

தனி ஆளாய்க் கேட்டால் அது புலம்பல். சங்கமாய்க் கேட்டால் அது கோரிக்கை. சந்தா கட்டாமல் பின்வரிசையில் நிற்கும் தோழர்கள் இன்றே முன்வரிசைக்கு வர வேண்டும்.