சபையேறும் வழி

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருடைய ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. எனினும், அங்கே வந்திருப்போர் குரலே தீர்மானமாகிறது. கூடத்திற்கு மூன்று படிகள் இருப்பின், சக்கர நாற்காலியில் வருபவர் தம் உரிமையை வாயிலிலேயே இழக்கிறார்.

பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகளும் சென்றுவரத் தக்கனவாக அமைதல் வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். கணக்கு எளிது: 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம். மூன்று படிகள் ஒன்றரை அடி உயரமெனின், சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். இடமில்லையென்று செங்குத்தாகக் கட்டினால் நாற்காலி ஏறாது. அதுவரை சமதரையில், மரநிழலில் சபையைக் கூட்டலாம்.

செவிப்புலன் குன்றியோர்க்காக வரவுசெலவைப் பலகையில் பெரிதாக எழுதுக. பார்வையற்றோர்க்காக அதனையே உரக்கப் படித்திடுக.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் சட்டம் திருத்தப்பட்டது. மன்றத்தில் இடமளித்த நாம் வாயிலில் வழியளிக்க வேண்டாமா? அக்டோபர் 2-இல் சபை கூடுமுன், உங்கள் ஊர்க் கூடத்தின் படிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.