விளையாட்டும் படிப்பும்: பிரான்சிய வீரர் லூசியன் மியாஸ்



பரீட்சை நெருங்கும் காலத்திற் பந்தும் கையுமாகத் திரியும் பிள்ளைக்கு வீட்டில் என்ன வரவேற்புக் கிடைக்கும் என்பதை இச்சபையில் எவருக்கும் சொல்லவேண்டியதில்லை. விளையாட்டா, படிப்பா என்னும் வழக்கு எம் வீடுகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கில் இரு கட்சியாரும் தத்தம் பக்கத்துச் சாட்சியாக அழைக்கக்கூடிய ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்தோம். அவர் பிரான்ஸ் தேசத்து றக்பி வீரர் லூசியன் மியாஸ்.

றக்பி எமது நாட்டுக்குப் புதிதன்று. கண்டியிலே திரித்துவக் கல்லூரியும் கிங்ஸ்வூட் கல்லூரியும் 1906இலேயே மோதிய ஆட்டம் அது. ஆயினும் உதைபந்தாட்டத்திற் பழகிய எம்மிற் பலர்க்கு அது மற்போர் போலவே தோன்றும். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம்; ஆனால் முன்னோக்கி எறிதல் ஆகாது. பதினைவரில் எண்மர் முன்னணியினர். தள்ளுவதும், இடிபடுவதும், பந்தைப் பறித்துக் கொடுப்பதும் அவர்கள் வேலை. அதைக் கொண்டு ஓடிக் கைதட்டல் வாங்குபவர்கள் பெரும்பாலும் பின்னணி எழுவர். மியாஸ் முன்னணியில் இரண்டாம் வரிசையில் நின்றவர். கைதட்டலுக்காக யாரும் விரும்பி நிற்கும் இடமன்று அது.

1930இல் தென்பிரான்சின் லொசேர் மலைப்பகுதியிற் பிறந்த இவர், முதலிற் பள்ளி ஆசிரியர். ஆட்டுத்தோலிலிருந்து கம்பளி பிரித்தெடுக்கும் தொழிலாற் பெயர்பெற்ற மசாமே என்னும் ஊரின் கழகத்துக்காக ஆடினார். 1951இல் தேசிய அணியில் இடம் கிடைத்தது. பிரான்ஸ் இங்கிலாந்தை ட்விக்கன்ஹாம் மைதானத்தில் முதன்முறையாக வென்றதும் அவ்வாண்டிலேதான். 1954 வரை தேசத்துக்காக ஆடியவர், அதன்பின் அவ்வணியை விட்டு விலகி வைத்தியம் படிக்கப் போனார்.

இதிற் புதுமை என்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். அக்காலத்து றக்பியில் விளையாடுவதற்குக் காசு வாங்குதல் குற்றம். அவ்விதி 1995இலேதான் நீங்கியது. ஆகவே எத்துணை பெரிய வீரனுக்கும் வேறொரு தொழில் வேண்டும். ஆயினும் ஓர் ஆசிரியர், உடல்வலி உச்சத்தில் இருக்கும் வயதில், கையிலிருந்த தொழிலையும் தேசத்து அணியையும் ஒருங்கே விட்டுப் புதிதாக மாணவராவது எளிதான காரியமா? சர்வகலாசாலை விரிவுரை மண்டபத்திற் குந்தியிருக்கும் நாம் அதன் கடினத்தைச் சற்று அறிவோம்.

பெரியோர்கள் மகிழ்ந்து தலையசைப்பதைக் காண்கிறோம். சற்றுப் பொறுக்கவேண்டும், கதை அத்தோடு முடியவில்லை. சில ஆண்டுகளில் மியாஸ் தேசிய அணிக்குத் திரும்பினார். திரும்பியவர் பழைய மியாஸ் அல்லர். முன்னணியினர் தனித்தனியே முட்டி மோதுவதில் பயனில்லை, எண்மரும் ஓருடலாய் இயங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் இரு அணியினரும் இரு நிரையாக நிற்க, நடுவே பந்து எறியப்படும். உயர எழும்பிப் பிடிப்பவன் அதைப் பின்னணியினர்க்குக் கொடுப்பதே வழக்கம். மியாஸின் அணியிலோ, நிரையின் பின்புறமாகச் சுற்றி வரும் முன்னணி வீரன் ஒருவனே அதை வாங்கி நேரே பாய்வான், இடிபட்டவுடன் அருகில் வரும் தோழனின் கையிற் சேர்ப்பான், அவன் அடுத்தவனிடம். உடலுறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து தொழிற்படும் விதத்தைப் படித்தவர் ஆட்டத்தையும் அக்கண்கொண்டு பார்த்தார் என்றே எமக்குத் தோன்றுகிறது. அவருக்கு 'டாக்டர் பாக்' என்று பட்டப்பெயர் வந்தது. 'பாக்' என்பது முன்னணிக் கூட்டத்தின் பெயர்.

1958இல் பிரான்ஸ் அணி தென்னாபிரிக்கா சென்றது. தலைவராகச் சென்றவர் மிஷேல் சேலாயா. அவர் காயமுறவே, தலைமை மியாஸிடம் வந்தது. தென்னாபிரிக்கா சொந்த மண்ணில் 1896க்குப் பின் எந்தத் தொடரையும் இழந்ததில்லை. கேப் டவுனில் முதலாட்டம் 3-3 எனச் சமமாயிற்று. ஓகஸ்ட் 16இல் ஜொகன்னஸ்பேர்க் எல்லிஸ் பார்க்கில் இரண்டாம் ஆட்டம். அதற்கு முந்திய இரவு மூக்கடைப்பு நோயால் வருந்திய மியாஸ் அரைப் போத்தல் றம் குடித்தார் என்று ஒரு கதை உண்டு. வைத்திய மாணவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட மருந்து போலும்! பெரியோர்கள் மன்னிக்க, இதை நாம் சிபார்சு செய்யவில்லை.

மறுநாள் 9-5 எனப் பிரான்ஸ் வென்றது. அவ்வொன்பது புள்ளிகளும் மூன்று உதைகளால் வந்தவை. கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றியவர்கள் தென்னாபிரிக்கரே. ஆகவே உதைத்த லக்காஸ், மார்த்தின் இருவர்க்குமே புகழ் உரியது என்று சொல்வாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். அந்த உதைகளுக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும், கடைசி நிமிடம் வரை எதிரியைத் தடுத்து நின்றதும் மியாஸின் எண்மரே.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. நிறவெறி ஆட்சி நிலவிய அந்நாட்டின் அணியில் வெள்ளையர் அல்லாதார்க்கு இடமில்லை. உலகின் வலிய அணியைப் பிரான்ஸ் வென்றது என்று வியக்கும்போது, அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் அவ்வணிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

அடுத்த ஆண்டு ஐந்து நாடுகளின் போட்டி. முன்னர் 1954இலும் 1955இலும் பிறரோடு பங்கிட்டுக்கொண்ட முதலிடத்தை, 1959இற் பிரான்ஸ் முதன்முறையாகத் தனியே பெற்றது. ஸ்கொத்லாந்தை 9-0 எனவும் வேல்ஸை 11-3 எனவும் வென்றது, இங்கிலாந்தோடு 3-3. முதலிடம் உறுதியான பின் டப்ளினில் அயர்லாந்திடம் தோற்றது, அதுவும் எல்லிஸ் பார்க்கில் தான் வென்ற அதே 9-5 கணக்கில்! அதுவே மியாஸின் இறுதிச் சர்வதேச ஆட்டம். மொத்தம் 29 முறை தேசத்துக்காக ஆடியிருந்தார். வயது 28.

இன்னும் சில ஆண்டுகள் ஆடியிருக்கலாம். அவர் மறுபடியும் வைத்தியத்துக்கே போனார். இம்முறை திரும்பி வரவில்லை. பிற்காலத்தில் முதியோர் வைத்தியத்தில் ஈடுபட்டார். படுக்கையில் விழுந்த முதியோரைப் பராமரிப்பவர்களுக்காக எழுதியும் வந்தார். 2024 மே மாதம், தாமும் 93 வயது முதியவராய், காலமானார்.