பிரிவுக்கு ஒரு படி

இன்று பட்டம் பெறும் நண்பர்களே,

உங்களிற் பலர் இன்னும் சில மாதங்களில் மும்பைக்கோ புனேக்கோ டில்லிக்கோ ரயிலேறப் போகிறீர்கள். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. 1950 ஜனவரி 26 அன்று முழுமையாக அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 19-ஆவது விதி, பொதுநலம் கருதிய சில வரம்புகளுக்கு உட்பட்டு, தேசமெங்கும் தடையின்றிச் சஞ்சரிக்கவும் விரும்பிய இடத்தில் குடியேறவும் குடிமக்கள் அனைவருக்கும் உரிமை அளித்திருக்கிறது. ஆயினும் சாசனம் கதவைத் திறந்துவிடுமேயன்றி, உள்ளே நுழைந்தவனுக்குப் பாய் விரித்துப் போடாது.

பாய் விரித்தவர்கள் வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய் சென்று, சதுப்பாகக் கிடந்த தாராவியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தோல் பதனிடும் தொழிலில் இறங்கிய முஸ்லிம் வணிகர்களும், அவர்களைத் தொடர்ந்து சென்று அந்த நாற்றத்தினிடையே ஜீவனம் நடத்திய தொழிலாளர்களும், உத்தியோக நிமித்தம் மாதுங்காவில் குடியேறி, மெஸ் சாப்பாட்டில் காலந்தள்ளியபடியே 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுமே அவர்கள். 1960-களின் பிற்பகுதியில் அதே நகரத்தில் மண்ணின் மைந்தர் கோஷம் கிளம்பித் தென்னிந்தியரின் கடைகளும் ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. அந்தச் சங்கமோ இன்றும் பல மொழி பேசுவோரின் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்து வருகிறது.

வெளி மாநிலத் தொழிலாளருக்கென 1979-இல் இயற்றப்பட்ட சட்டத்தில் ஒரு விசித்திரமான ஷரத்து இருந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒரு மனிதனை வேற்று மாநிலத்துக்கு வேலைக்கு அழைத்துச் சென்றால், கூலிக்கும் பிரயாணச் செலவுக்கும் மேலாக, அவனது மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இவற்றுள் எது அதிகமோ அதனை, ஊரைப் பிரிந்ததற்கான படியாகவே கொடுக்க வேண்டும் என்றது அது. தொகை சொற்பந்தான், ஆனாலும் பிரிவு என்பதே ஒரு நஷ்டம் என்பதைச் சர்க்கார் காகிதம் ஒப்புக்கொண்டது எனக்கு வியப்பளிக்கிறது. அந்தப் படியைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

உங்களுக்கு அப்படி எந்தப் படியும் கிடைக்கப்போவதில்லை. இந்தத் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா இளைஞர்களுள்ளும் பெரும்பாலோர் அதைப் பெற்றிருக்க மாட்டார்கள். நீங்கள் புறப்படுமுன் உள்ள மாதங்களில், அவர்களுடைய குழந்தைகளுக்கு மாலை வேளையில் தமிழ் எழுத்துக் கற்பிக்க உங்களிற் பத்துப் பேர் முன்வருவீர்களாயின், அதற்கோர் அறை ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்தாரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் இம்மேடையிலேயே வீற்றிருப்பதால், இத்தனை பேர் முன்னிலையில் மறுப்பது அவர்களுக்குச் சற்றுச் சிரமமாகவே இருக்கும்.