காலண்டரில் கருப்பு எங்கே?

(கோவில்பட்டியில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊர்க்காரர்களுக்கு ஓவியர் சி.கொண்டையராஜுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1898இல் பிறந்தவர், 1976இல் மறைந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே தொழில் பழகினார்கள். வரைந்ததைச் சிவகாசி அச்சடித்தது. ‘வெறும் காலண்டர் படம்’ என்று கலை உலகம் ஒதுக்கியவற்றை இன்று பெங்களூருவின் எம்.ஏ.பி. போன்ற அருங்காட்சியகங்கள் சேகரிக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் படத்தின் அடியில் ஓவியர் பெயரும் அளவும் மட்டும் எழுதினால் போதுமா?

அவருடைய ‘மீனாட்சி கல்யாணம்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். அது மதுரைக் கோயில் கல்யாணம். அந்தக் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட தலித்துகளும் ஒரு நாடாரும் நுழைய முடிந்தது 1939 ஜூலை 8இல்தான். அச்சடித்த சிவகாசியோ, கோயில் நுழைவு கேட்ட நாடார்கள் 1899இல் தாக்கப்பட்ட ஊர். கமுதிக் கோயில் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்கள் தோற்றார்கள். வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் ஊரே பிறகு அந்தச் சாமிகளை அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பியது.

காலண்டர் யாரையும் தீட்டு என்று தள்ளவில்லை. சேரி வீட்டு ஆணியிலும் தொங்கியது. அர்ச்சகர் இல்லாமல், நம் கையாலேயே தொட்டுப் பொட்டு வைத்தோம். இது சின்ன விஷயமல்ல.

ஆனால் சுவருக்கு வந்த சமத்துவம் தெருவுக்கு வரவில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் தலித் வீடுகளுக்குள் போலீஸ் புகுந்து சூறையாடியது. அந்தச் சுவர்களில் எந்தச் சாமி தொங்கியிருந்தாலும் காப்பாற்ற வரவில்லை.

நிறத்தையும் பாருங்கள். மீனாட்சி பச்சை, பெருமாள் நீலம், முருகன் ரோஸ். காலடி மண் கரிசல். அதில் பருத்தி எடுக்கிற பெண்ணும் கருப்பு. அந்த நிறத்துக்குத் தெய்வப் படத்தில் எவ்வளவு இடம் கிடைத்தது? இது ஒரு ஓவியர் மேல் சொல்லும் குற்றமல்ல. எது அழகு என்று சாதி நமக்குப் பழக்கிவைத்த கண்ணைப் பற்றிய கேள்வி.

ஆகவே அருங்காட்சியகங்களிடம் நாம் கேட்பது இதுதான். ஓவியர் பெயரோடு அச்சகத் தொழிலாளியையும் எழுதுங்கள். இந்தப் படம் யார் வீட்டில் தொங்கியது, அந்த வீட்டார் எந்தக் கோயிலுக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். நாமும் சும்மா இருக்கக் கூடாது. வீட்டுக்குப் போய் பாட்டியிடம் பழைய காலண்டர் பற்றிக் கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். இன்று நம் சுவரில் அம்பேத்கர் எப்படி வந்தார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.