பட்டறை யந்திரத்திற்குக் கணினிப் பலகை

(திண்டிவனத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



விழுப்புரத்திலும் இவ்வூரிலும் தச்சுப்பட்டறை நடத்தும் நம்மவர் சிலர், கதவில் சித்திரம் செதுக்கும் சி.என்.சி. யந்திரத்தைத் தாமே அமைக்க விரும்பி, அதனை ஆள எந்தச் சிறு கணினிப் பலகை தக்கது என்று நம்மை வினவுகின்றனர். கடன்பட்டு வாங்கும் சாமானாதலால், நாம் கண்டதை ஒளிக்காமல் கூறுவோம்.

யந்திரத்தை நடத்தும் மென்பொருள்களில் நாம் பெரிதும் மதிப்பது லினக்ஸ் சி.என்.சி. என்பதாம். அமெரிக்க அரசாங்கத்தின் தரநிர்ணய நிலையத்தில் 1990களில் நடந்த ஆராய்ச்சியினின்று பிறந்த இஃது இலவசமாய்க் கிடைப்பது. மூலநிரலும் திறந்தே உள்ளது. விற்ற கம்பெனி மூடிப்போயினும் நம் யந்திரம் ஊமையாகாது.

கணினி எவ்வளவு வேகமானது என்றே எல்லாரும் கேட்கின்றனர். கேட்க வேண்டியது, அது காலம் தவறாததா என்பதே. கணக்கைப் பாருங்கள். படிமோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். ஒவ்வொரு படியையும் எட்டாகப் பகுத்தால் 1,600 துடிப்பு. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத்தண்டில், விநாடிக்கு 50 மில்லிமீட்டர் ஓட வேண்டுமாயின், 16,000 துடிப்பு வேண்டும். விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், இரண்டு துடிப்புகளுக்கு இடையே சுமார் 62 கூறே உண்டு.

நாமே இதில் ஏமாந்தோம். ராஸ்பெரி பை ஒன்றின் முனைகளிலிருந்து நேரே துடிப்பை அனுப்பினோம். கொடிச்சித்திரம் பாதி முடிந்த சமயம், கணினி க்ஷணநேரம் வேறு வேலைக்குத் திரும்ப, மோட்டார் சில படிகளைத் தவறவிட்டது. நிலையறியும் கருவி இல்லாத யந்திரம் தன் பிழையை எங்ஙனம் அறியும்? விலகிய இடத்திலேயே செதுக்கிக்கொண்டு போயிற்று. அந்தத் தேக்குப்பலகை இப்போது நம் பட்டறையில் முக்காலியாய் இருக்கிறது.

உலைக்களத்தில் மூத்தவர் சிறு சுத்தியால் இடங்காட்ட, எதிரில் நிற்பவர் சம்மட்டி ஓங்குவார் அல்லரோ? அவ்வாறே வேலையைப் பகுக்க வேண்டும். 2013-இல் வந்த பீகிள்போன் பிளாக்கில், துடிப்புக்கென்றே இரண்டு சிறு செயலிகள் உள்ளே தனித்துள்ளன. ஆயின் அதன் நினைவகம் 512 மெகாபைட்டே. திரை மந்தமாகவே நகரும். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4-ஐயோ, 2023-இல் வந்த 5-ஐயோ, மேசா அட்டை ஒன்றுடன் ஈதர்நெட் வழியே இணைப்பதே நம் அபிப்பிராயத்தில் மேல். பலகை ஆயிரத்திலொரு விநாடிக்கு ஒருமுறை வழிகாட்டும். துடிப்பை அட்டை கொடுக்கும். பலகை சிறிது பிந்தினும் பாதகமில்லை. மலிவாய் வருகிறதென்று பை 3-ஐ வாங்கிவிடாதீர்கள். அதன் ஈதர்நெட் யு.எஸ்.பி. வழியே சுற்றிச் செல்வது. இன்னொன்று: இப்பலகைகளின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கே உரியவை. 5 வோல்ட் கம்பியைத் தொடுத்தால் கெட்டுப்போம்.

அவசர நிறுத்தப் பொத்தானைக் கணினியை நம்பி விடாமல், மோட்டாருக்கு மின்சாரம் செல்லும் வழியிலேயே அமையுங்கள். திண்ணையை ஒட்டிய பட்டறைகள் நம்முடையவை. குழந்தைகள் அங்கேதான் விளையாடுகின்றனர்.

வீட்டில் பழைய மேசைக்கணினி கிடந்தால், புதியது வாங்குமுன் அதனை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். காலதாமதத்தை அளக்கும் சோதனை லினக்ஸ் சி.என்.சி.யிலேயே உண்டு; ஓர் இரவு முழுதும் ஓடவிட்டுப் பார்ப்போம்.