பம்பரில் ஒரு சின்ன மூடி



உங்கள் காரின் முன் பம்பரை உற்றுப் பாருங்கள். பல கார்களில் ஓரமாக ஒரு சின்ன மூடி இருக்கும். அழகுக்கு வைத்தது இல்லை அது. பெயர்த்தால், உள்ளே மரை போட்ட ஒரு துளை. டிக்கியில் ஜாக்கி, ஸ்பானரோடு ஓர் இரும்பு வளையமும் இருக்கும். வண்டி வழியில் நின்றுவிட்டால் கட்டி இழுக்கத்தான் அந்த வளையம். அந்தத் துளையில் நீங்களே மாட்டலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கடைசி மரை வரை முறுக்க வேண்டும். கிணற்று வாளிக்குப் பாதி முடிச்சுப் போட்டால் என்ன ஆகும்? அதேதான். பாதி மரையில் நிற்கும் வளையம் பிய்த்துக்கொண்டு பறக்கும். ஆளையே அடித்துவிடும். கையால் திருகியது போதாது. வீல் ஸ்பானரை வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள். கடைசி மரை வரை. சில வண்டிகளில் இடப்பக்கம் திருப்பினால்தான் ஏறும்.

இழுபடும் வண்டியில் எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனக்கும். மெதுவாகவே போங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியா? கயிறு கட்டி இழுக்காதீர்கள், தூக்கி ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

இன்றைக்கே டிக்கியைத் திறந்து அந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார் வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள்.